தேதி முந்தி, வழி பிந்தி: சில்லுத் தொழிலின் வழிவரைபடங்கள்

சிலிக்கான் சில்லுகளைச் செய்யும் தொழிலில், ஒன்றை எப்படிச் செய்வது என்று தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே அது எந்த ஆண்டில் உற்பத்திக்கு வரும் என்று அறிவித்துவிடும் வழக்கம் நெடுங்காலமாக நிலைபெற்றிருக்கிறது. வழிவரைபடம் என்று அழைக்கப்படும் அந்த அறிவிப்புகளை நம்பித்தான் கருவி செய்வோர் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கினார்கள், கணினி செய்வோர் அடுத்த தலைமுறைப் பொருள்களைத் திட்டமிட்டார்கள், அண்மைக் காலத்தில் அரசுகளும் வரிப்பணத்தை மானியமாக எடுத்து வைத்தன. அவற்றை ஐயத்தோடு பார்த்தவர்களும் தொடக்கத்திலிருந்தே உண்டு. 'இது நடக்கவே நடக்காது' என்றவர்கள் பெரும்பாலும் தோற்றார்கள். 'சொன்ன ஆண்டில், சொன்ன செலவில் நடக்காது' என்றவர்கள் பெரும்பாலும் வென்றார்கள். இவ்விரண்டு ஐயங்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால், முதல் வகையினரின் தோல்வியைக் காட்டியே இரண்டாம் வகையினரின் வாயை அடைக்கும் பழக்கம் தொழிலுக்குள் வேரூன்றியது. அதற்குக் கொடுக்கப்பட்ட விலை சிறியதல்ல.

வழிவரைபடங்களின் தோற்றுவாய் 1965 ஏப்ரல் மாதத்தில் 'எலக்ட்ரானிக்ஸ்' இதழில் கார்டன் மூர் எழுதிய சிறு கட்டுரை. அப்போது ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்குத் தலைவராக இருந்த மூர், ஒரே சிலிக்கான் துண்டில் அமைக்கப்படும் மின்னணு உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிப்பதைக் கவனித்து, அப்போது ஐம்பது என்ற அளவில் இருந்த அந்த எண்ணிக்கை 1975-இல் 65,000-ஐ எட்டும் என்று கணித்தார். இக்கணிப்பு இயற்பியலைப் பற்றியது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மூர் பேசியது செலவைப் பற்றி. ஒரு சில்லில் உறுப்புகளைக் கூட்டக் கூட்ட ஓர் உறுப்பின் அடக்கவிலை குறையும், அளவுக்கு மீறிக் கூட்டினால் பழுது மிகுந்து அடக்கவிலை ஏறும். இரண்டுக்கும் இடையே மிகக் குறைந்த விலைக்குரிய எண்ணிக்கை ஒன்று உண்டு, அதுதான் ஆண்டுதோறும் இரட்டிக்கிறது என்பதே அவர் சொன்னது. 1975-இல் அவரே இரட்டிக்கும் காலத்தை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் என்று திருத்திக்கொண்டார். மூர் விதி என்ற பெயரில் இக்கணிப்பு பரவியபோது எண்ணிக்கை நினைவில் நின்றது. அதற்கு அடியில் இருந்த விலைக்கணக்கு மெல்ல மறைந்தது.

ஒருவருடைய கணிப்பு ஒரு தொழில் முழுவதற்கும் பொதுவான அட்டவணையாக மாறியதற்கு அரசியல் காரணம் உண்டு. 1980-களின் நடுவில் நினைவகச் சில்லுகளில் ஜப்பானிய நிறுவனங்கள் அமெரிக்க நிறுவனங்களைப் பின்னுக்குத் தள்ளியதும், 1987-இல் பதினான்கு அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து செமடெக் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலர் தந்தது. போட்டியாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதற்கு இப்படி ஓர் இடம் உருவான பிறகு, 1992-இல் டெக்சாஸ் மாநிலத்தின் இர்விங் நகரில் அமெரிக்கக் குறைகடத்தித் தொழில்துறைச் சங்கம் கூட்டிய கலந்தாய்விலிருந்து அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கான தேசிய வழிவரைபடம் பிறந்தது. 1990-களின் இறுதியில் ஐரோப்பா, ஜப்பான், தென்கொரியா, தைவான் ஆகியவையும் சேர்ந்துகொள்ள, அது பன்னாட்டு ஆவணமாயிற்று.

அந்த ஆவணத்தின் அமைப்பு கவனத்துக்குரியது. ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு நிரல் இருக்கும். டிரான்சிஸ்டரின் வாயில் நீளம், இணைப்புக் கம்பிகளின் இடைவெளி, காப்புப் படலத்தின் தடிமன் என்று எட்ட வேண்டிய அளவுகள் வரிசையாக நிற்கும். எட்டும் வழி தெரிந்த அளவுகள் வெள்ளைக் கட்டத்திலும், வழி தெரிந்தும் உற்பத்திக்குப் பழகாதவை மஞ்சளிலும், வழியே தெரியாதவை சிவப்பிலும் அச்சிடப்பட்டன. சில ஆண்டுகளுக்கு அப்பால் பக்கம் முழுவதும் சிவப்பாகிவிடும் பகுதியைத் தொழில்துறையினர் செங்கல் சுவர் என்று குறிப்பிட்டார்கள். எது தெரியவில்லை என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட தொழில் ஆவணங்கள் அரிது. அந்த வகையில், ஐயத்துக்கு இடமளித்த ஆவணம் என்றே அதைச் சொல்ல வேண்டும். செலவுக்கு மட்டும் அந்த நேர்மை நீளவில்லை. அடக்கவிலை இன்ன அளவுக்குள் இருந்தால்தான் சந்தை தாங்கும் என்ற எதிர்பார்ப்பாகவே செலவு அட்டவணைக்குள் நுழைந்தது. ஒரு கட்டம் சிவப்பிலிருந்து வெள்ளைக்கு மாற எவ்வளவு பணம் தேவைப்படும், அதை யார் கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு அங்கே விடை இல்லை.

தொடக்கத்தில் வழிவரைபடத்தின் தேதிகள் பிந்திப்போகவில்லை, முந்திவந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். எதிராளியின் கையிலும் இதே அட்டவணைதான் இருக்கிறது என்று தெரிந்தபின், அதற்கு ஓராண்டு முன்னால் போனால்தான் பிழைக்கலாம் என்று ஒவ்வொரு நிறுவனமும் முடிவு செய்ததால், மூன்றாண்டுக்கு ஒரு தலைமுறை என்று வகுத்திருந்த வேகம் 1990-களின் பிற்பகுதியில் இரண்டாண்டுக்கு ஒன்றாயிற்று. ஐயவாதிகள் மிகவும் தலைகுனிந்திருந்த காலம் அது. ஒளியைக் கொண்டு ஒரு மைக்ரானுக்குக் குறைவான கோடுகளை அச்சிட முடியாது என்று முன்பு சொல்லப்பட்ட எல்லைகளைத் தொழில் ஒவ்வொன்றாகத் தாண்டியிருந்தது; அடுத்த எல்லையைப் பற்றி எச்சரிப்பவரிடம் பழைய எச்சரிக்கைகளின் பட்டியலை நீட்டினால் போதும் என்ற நிலை.

அந்தத் தன்னம்பிக்கையின் உச்சத்தில் வெளிவந்த 2001-ஆம் ஆண்டுப் பதிப்பு, 2016-இல் சில்லுகளின் துடிப்பு வேகம் சுமார் 28 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 2,800 கோடித் துடிப்புகள், என்று எழுதியது. டிரான்சிஸ்டரைச் சுருக்கும் அதே விகிதத்தில் மின்னழுத்தத்தையும் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் உண்டாகும் வெப்பம் மாறாது என்று ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் உடன் ஆய்வாளர்களும் 1974-இல் காட்டியிருந்த விதியே அந்தக் கணக்கின் அடித்தளம். ஆனால் மின்னழுத்தத்தை ஓரளவுக்கு மேல் குறைத்தால், மூடியிருக்க வேண்டிய டிரான்சிஸ்டர் வழியே மின்சாரம் கசியத் தொடங்குகிறது. அதனால் அழுத்தம் குறைவது நின்றது, வெப்பம் ஏறியது. 4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் என்று அறிவிக்கப்பட்டிருந்த பென்டியம் 4 சில்லை இன்டெல் 2004-இல் கைவிட்டது. 2016 வந்தபோது கடைகளில் விற்ற சில்லுகளின் வேகமும் 4 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே இருந்தது. பதிப்பு வெளிவந்து மூன்றே ஆண்டுகளில் நடைமுறையில் செத்துப்போன எண் அது.

தேதியும் செலவும் சேர்ந்தே தடம்புரண்ட கதையை முழுமையாகக் காண வேண்டுமானால் ஒளி அச்சு முறைக்குத்தான் வர வேண்டும். சுற்றின் வடிவம் பொறித்த மாஸ்க் எனப்படும் தகட்டின் வழியே ஒளியைச் செலுத்தி, ஒளியுணர் பூச்சு தடவிய சிலிக்கான் வட்டத் தகட்டின் மேல், அதாவது வேஃபரின் மேல், அவ்வடிவத்தைச் சிறிதாக்கிப் படியவைப்பதே அம்முறை. ஒளியின் அலைநீளம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நுண்மையான கோடுகளை அச்சிடலாம். ஆகவே அடுத்த ஒளி எது என்ற கேள்வி இத்தொழிலில் எப்போதும் உயிர்நிலையாக இருந்தது, அதற்குத் தவறான விடைகளும் நிறையவே சொல்லப்பட்டன. எக்ஸ் கதிரே எதிர்காலம் என்று நம்பிய ஐபிஎம், நியூயார்க் மாநிலத்தின் ஈஸ்ட் ஃபிஷ்கில்லில் எலக்ட்ரான்களைச் சுழலவிட்டுக் கதிர் உண்டாக்கும் சின்க்ரோட்ரான் ஒன்றையே 1991-இல் நிறுவியது. அந்தக் கதிரைக் குவிக்க லென்ஸ் இல்லாததால் மாஸ்க்கையும் சில்லின் அளவுக்கே நுண்மையாகச் செய்ய வேண்டியிருந்தது, அது பெருமளவு உற்பத்திக்கு வரவே இல்லை. பின்னர் 157 நானோமீட்டர் ஒளி வரைபடத்தில் இடம்பெற்றது. அதற்கு வேண்டிய கால்சியம் ஃபுளோரைடு லென்ஸ்கள் ஒளியை இரண்டாகப் பிரித்துக் கலங்கவைப்பது தெரியவந்து, 2003-இல் இன்டெல் அதைக் கைவிட்டது. அந்த இடத்தைப் பிடித்தது வரைபடத்தில் இடம்பெறாத ஒரு யோசனை: பழைய 193 நானோமீட்டர் ஒளியையே வைத்துக்கொண்டு, லென்ஸுக்கும் வேஃபருக்கும் நடுவே நீரை நிரப்பினால், நீருக்குள் அலைநீளம் 134 நானோமீட்டராகச் சுருங்கி 157-ஐயும் வென்றுவிடும் என்று தைவானின் டி.எஸ்.எம்.சி. நிறுவனத்தைச் சேர்ந்த பர்ன் லின் 2002-இல் எடுத்துக்காட்டினார். 157-க்காகத் திட்டமிட்டுச் செலவழித்த பல ஆண்டு உழைப்பை ஒரு விரற்கடைக்கும் குறைவான நீர்ப்படலம் பயனற்றதாக்கியது.

இவ்வளவுக்கும் நடுவே மிக நீண்ட காலம் 'அடுத்ததாக' இருந்தது 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள அதிதீவிரப் புறஊதா ஒளி. ஜப்பானின் என்.டி.டி. நிறுவனத்தைச் சேர்ந்த ஹிரூ கினோஷிட்டா இவ்வகைக் கதிரைக் கண்ணாடிகளால் பிரதிபலித்து உருவம் படியவைத்ததாக 1986-இல் அறிவித்தபோது, கேட்டவர்கள் நம்பவில்லை. அவர்கள் தயங்கியதற்கு நியாயம் இருந்தது. இந்த ஒளியைக் காற்று உறிஞ்சிவிடும், கண்ணாடி லென்ஸும் உறிஞ்சிவிடும்; எனவே கருவி முழுவதும் வெற்றிடமாக இருக்க வேண்டும், லென்ஸுக்குப் பதிலாக மாலிப்டினமும் சிலிக்கானும் மாறி மாறிப் படிந்த பல அடுக்குப் பிரதிபலிப்பான்கள் வேண்டும். அவற்றில் மிகச் சிறந்ததும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 70 சதவீதத்தையே திருப்பியனுப்பும் என்பதால், பதினொரு முறை பட்டுத் திரும்பிய பின் வேஃபரை அடைவது வெறும் 2 சதவீதம்.

அமெரிக்காவில் இந்த ஆய்வுக்கான அரசு நிதி 1996-இல் நின்றபோது, இன்டெல் தலைமையில் நிறுவனங்கள் கூடி, லிவர்மோர், சாண்டியா, பெர்க்லி தேசிய ஆய்வகங்களுக்கு 25 கோடி டாலர் அளவில் பணம் தந்து ஆய்வைத் தொடரச் செய்தன. நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் பின்னர் அக்கூட்டில் சேர்ந்தது. 2001-இல் சோதனைக் கருவி படம் பதித்துக் காட்டியது. 2009-இல் 32 நானோமீட்டர் தலைமுறைக்கு இந்த ஒளியையே பயன்படுத்தப்போவதாக இன்டெல் 2004-இல் அறிவித்தது. உண்மையில் முதல் வணிக உற்பத்தி 2018, 2019 ஆண்டுகளில் சாம்சங், டி.எஸ்.எம்.சி. நிறுவனங்களில் தொடங்கியது. இன்டெல் தன் சில்லுகளுக்கு இதைப் பயன்படுத்தியது 2023-இல்.

இந்த நீண்ட தாமதத்தின் மையம் விளக்குதான். உருகிய வெள்ளீயத்தை நொடிக்கு ஐம்பதாயிரம் துளிகளாகத் தெறிக்கவிட்டு, ஒவ்வொரு துளியையும் லேசர் கதிரால் இருமுறை அடித்து, முதல் அடியில் தட்டையாக்கி, இரண்டாம் அடியில் சூரியப் பரப்பைவிடப் பல மடங்கு வெப்பமான பிளாஸ்மாவாக்கினால்தான் இந்த ஒளி பிறக்கிறது. தெறித்த வெள்ளீயம் எதிரே இருக்கும் விலையுயர்ந்த பிரதிபலிப்பானின் மேல் படிந்து அதைக் குருடாக்காமல் காக்கவும் வேண்டும். மணிக்கு நூற்றுக்கு மேற்பட்ட வேஃபர்களை அச்சிட 250 வாட் ஒளி தேவைப்பட, 2010-இல் வெளிவந்த முன்னோட்டக் கருவிகளில் கிடைத்தது பத்து வாட் அளவே. அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு என்று வாக்குறுதி நகர்ந்துகொண்டே போய், 250 வாட் எட்டப்பட்டது 2017-இல். அதற்குள் தேவையே வளர்ந்திருந்தது. 13.5 நானோமீட்டர் ஒளியின் ஒவ்வொரு ஃபோட்டானும் 193 நானோமீட்டர் ஃபோட்டானைவிடப் பதினான்கு மடங்கு ஆற்றல் உடையது. எனவே அதே ஆற்றலுக்கு ஃபோட்டான்களின் எண்ணிக்கை பதினான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. குறைந்த எண்ணிக்கையில் விழுபவை சீராக விழுவதில்லை, சீரில்லாத இடத்தில் கோடு அறுகிறது அல்லது ஒட்டிக்கொள்கிறது. அதைத் தடுக்க இன்னும் அதிக ஒளி வேண்டும். இயற்பியல் நூல்களில் முன்பே இருந்த இந்த உண்மை, உற்பத்தித் தேதிகள் குறிக்கப்பட்டபோது உரிய இடம் பெறவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

தாமதத்தின் செலவை ஒருவரால் மட்டும் தாங்க முடியாமல், 2012-இல் ஏ.எஸ்.எம்.எல். தன் வாடிக்கையாளர்களிடமே போய் நின்றது. இன்டெல், டி.எஸ்.எம்.சி., சாம்சங் மூன்றும் பங்கு வாங்கி ஆய்வுக்கும் பணம் தந்தன. இன்டெல் மட்டும் ஒப்புக்கொண்ட தொகை 410 கோடி டாலர். நடக்கவே நடக்காது என்றவர்களை இந்த ஒளி இறுதியில் தோற்கடித்தது உண்மை. அதை அந்த நிலைக்குக் கொண்டுவந்த பொறியாளர்களின் விடாமுயற்சி தொழில்நுட்ப வரலாற்றில் பெருமைக்குரிய இடம் பெறத் தக்கது. அதே வேளையில், பத்துக் கோடி டாலரைத் தாண்டிய விலையில் வந்திறங்கிய அந்தக் கருவியை வாங்கக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவினராகக் குறைந்திருந்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் முன்னணித் தலைமுறைச் சில்லுகளைச் செய்த நிறுவனங்கள் இருபதுக்கு மேல்; 2018-இல் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் நிறுவனம் 7 நானோமீட்டர் முயற்சியை நிறுத்தியபின் எஞ்சியவை மூன்று.

அந்த ஒளி வராத இடைக்காலத்தில் செய்த சமாளிப்பு இன்டெல்லை வீழ்த்தியது. 193 நானோமீட்டர் ஒளியால் ஒரே பதிப்பில் அச்சிட முடியாத நெருக்கமான கோடுகளைப் பல படிகளில் பிரித்துச் செய்யும் முறை ஒன்று உண்டு. படி கூடக் கூடச் செலவு கூடும், ஒரு படியின் பிழை அடுத்ததில் பெருகும். தன் 10 நானோமீட்டர் தலைமுறையில் டிரான்சிஸ்டர் அடர்த்தியை முந்தையதைப் போல 2.7 மடங்காக்க முடிவுசெய்த இன்டெல், கோடுகளின் இடைவெளியை 36 நானோமீட்டராகக் குறைத்து, ஒரு கோட்டிலிருந்து நான்கு கோடுகளை உண்டாக்கும் முறையையும், சில இணைப்புகளில் செம்புக்குப் பதில் கோபால்ட்டையும், டிரான்சிஸ்டரின் செயல்பகுதிக்கு நேர்மேலே இணைப்பு வைக்கும் புதிய அமைப்பையும் ஒரே நேரத்தில் கையிலெடுத்தது. இடைவெளியை 40 நானோமீட்டரோடு நிறுத்திக்கொண்ட டி.எஸ்.எம்.சி.யின் 7 நானோமீட்டர் தலைமுறை 2018-இல் ஐபோனுக்குள் வந்து சேர்ந்தது. பெயரில் உள்ள எண்கள் எந்த உறுப்பின் அளவையும் குறிப்பதில்லை என்பதால், இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே தலைமுறை. இன்டெல்லின் 10 நானோமீட்டரோ 2015-இலிருந்து 2017-க்கும், அங்கிருந்து 2019-க்கும் தள்ளிப்போனது. 2018-இல் வெளியான ஒரே ஒரு மடிக்கணினிச் சில்லும் வரைகலைப் பகுதி செயலிழக்கச் செய்யப்பட்ட நிலையில் சிறு அளவில் விற்பனைக்கு வந்தது. நூறு சில்லுகளில் எத்தனை பழுதின்றித் தேறுகின்றன என்ற விகிதமே ஓர் உற்பத்தி முறையின் உண்மை நிலையைக் காட்டுவது. அந்த விகிதத்தை எந்த நிறுவனமும் ஒழுங்காக வெளியிடுவதில்லை, தேதியை மட்டுமே வெளியிடுகிறது. 2020 ஜூலையில் 7 நானோமீட்டரும் தாமதம் என்று இன்டெல் அறிவித்தபோது அதன் பங்கு விலை ஒரே நாளில் சுமார் 16 சதவீதம் சரிந்தது. ஐயம் அதுவரை எங்கே அடக்கி வைக்கப்பட்டிருந்தது என்பதை அச்சரிவு காட்டியது.

செலவு மட்டுமே ஒரு வரைபடத்தைக் கொன்றதற்கு 450 மில்லிமீட்டர் வேஃபர் சான்று. 300 மில்லிமீட்டர் வட்டத்தைவிட 2.25 மடங்கு பரப்புள்ள அதற்கு 2012-இல் மாறத் தொடங்குவதாக இன்டெல், சாம்சங், டி.எஸ்.எம்.சி. ஆகியவை 2008-இல் அறிவித்தன. ஆனால் 300-க்கு மாறியபோது புதிய கருவிகளை வடிவமைத்த செலவை மீட்கவே நெடுங்காலம் காத்திருந்த கருவி நிறுவனங்கள், மூன்றே வாடிக்கையாளர்களுக்காக மறுபடியும் அந்தச் சுமையை ஏற்க முன்வரவில்லை. 2013-இல் ஏ.எஸ்.எம்.எல். தன் 450 முயற்சியை நிறுத்திவைக்க, திட்டம் ஓசையின்றி மறைந்தது. அதைத் தடுத்த இயற்பியல் விதி எதுவும் இல்லை. கட்டடங்களின் கதையும் அப்படித்தான்: அரிசோனாவில் 2011-இல் அறிவிக்கப்பட்ட இன்டெல்லின் 42-ஆம் ஆலை, கட்டி முடித்தும் 2014-இல் திறக்கப்படாமல் விடப்பட்டு, 2017-இல் வெள்ளை மாளிகையில் 700 கோடி டாலர் முதலீடாக மீண்டும் அறிவிக்கப்பட்டு, 2020-இல்தான் இயங்கியது. ஆலை ஒன்றின் செலவு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று முதலீட்டாளர் ஆர்தர் ராக் சொன்னதாக வழங்கும் விதியை மூரே 1990-களில் கவலையோடு சுட்டியிருந்தார். நூறு கோடி டாலராக அன்று அஞ்சப்பட்ட தொகை இன்று 2,000 கோடி டாலரை ஒட்டி நிற்கிறது.

பன்னாட்டு வழிவரைபடம் 2016-இல் வெளிவந்த பதிப்போடு முடிவுக்கு வந்தது. எல்லோருக்கும் பொதுவாக இருந்த, தெரியாததைச் சிவப்பில் காட்டிய ஆவணத்தின் இடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் முதலீட்டாளர்களுக்காக வெளியிடும் அட்டவணைகள் பிடித்தன. அவற்றில் சிவப்புக் கட்டங்கள் இல்லை. இந்த இழப்பு உரிய அளவுக்குப் பேசப்படவில்லை. கொள்ளைநோய்க் காலத்துச் சில்லுத் தட்டுப்பாட்டுக்குப் பின் அமெரிக்காவும் ஐரோப்பாவும் மானியங்களை அறிவித்தபோது, அரசுகளின் கையில் இருந்தவை இந்தப் புதிய வகை அட்டவணைகளே. 2020-இல் 1,200 கோடி டாலராக அறிவிக்கப்பட்ட டி.எஸ்.எம்.சி.யின் அரிசோனாத் திட்டம் 2022-இல் 4,000 கோடியாக வளர்ந்தது, முதல் ஆலை 2024 இறுதியில் உற்பத்தியைத் தொடங்கியது. மானியம் பெற்ற திட்டங்களில் இதுவே சிறந்த விளைவு. 2025-இல் இயங்கும் என்று 2022-இல் அறிவிக்கப்பட்ட இன்டெல்லின் ஒஹாயோ ஆலை 2030-க்குப் போனது. ஜெர்மனியின் மாக்டபுர்கில் 1,700 கோடி யூரோவில் தொடங்கி 3,000 கோடியாக உயர்ந்த திட்டம், அரசு ஏறத்தாழ 1,000 கோடி யூரோ தர இசைந்திருந்தும், 2025-இல் கைவிடப்பட்டது.

அதிதீவிரப் புறஊதாக் கருவியின் அடுத்த தலைமுறை, ஒளியை அகன்ற கோணத்தில் திரட்டி இன்னும் நுண்மையாக அச்சிடுவது, சுமார் 35 கோடி யூரோ விலையில் 2023 இறுதியில் இன்டெல்லின் ஆரகன் ஆய்வுக்கூடத்துக்கு முதலில் அனுப்பப்பட்டது. ஒருமுறைக்கு அது அச்சிடும் பரப்பு பழைய கருவியினதில் பாதி என்பதால், பெரிய சில்லுகளை இரண்டாகப் பிரித்துப் பொருத்த வேண்டியிருக்கும். டி.எஸ்.எம்.சி.யின் மூத்த துணைத் தலைவர் ஒருவர் 2024 மே மாதத்தில் அதன் திறனைப் புகழ்ந்துகொண்டே விலை ஒத்துவரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்து வரும் தலைமுறைக்கு அது இன்றியமையாதது அல்ல என்றும் அந்நிறுவனம் தெரிவித்தது. அக்கருவியைப் பயன்படுத்த உத்தேசித்துள்ள தன் 14ஏ என்னும் தலைமுறையைக் குறித்து, கணிசமான வெளி வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் அதை நிறுத்திவைக்கவோ கைவிடவோ நேரலாம் என்று 2025 ஜூலையில் இன்டெல் தன் முதலீட்டாளர்களுக்கான சட்டபூர்வ அறிக்கையில் எழுதியது. 1992-இன் அட்டவணையில் இடம்பெறாத கேள்வியை, அதாவது பணத்தை யார் தருவார் என்பதை, ஒரு நிறுவனமே தன் வழிவரைபடத்துக்கு நிபந்தனையாக அங்கே வைத்திருக்கிறது.